ஐந்து கண், ஒரு காது

பால்வண்டிக்காரர் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டபோது தன் வண்டிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். அக்கரைப் பண்ணைகளில் பால் எடுத்து, இருபத்திரண்டு கேன்களை ஏற்றிக்கொண்டு, இரும்புப் பாலத்தின் வழியாக இக்கரைக்கு வந்து, காலை எட்டு மணிக்குள் குளிரூட்டும் நிலையத்தில் இறக்குவது அவர் வேலை. பதினோரு வருடமாக அதே வழி. பாலத்துக்கு, தூணுக்குத் தூண் ஒன்றாக, ஐந்து கண்கள். அன்று மூன்றாவது கண்ணில் பின்சக்கரம் ஏறியபோது அடியிலிருந்து ‘டணக்’ என்று ஒரு சத்தம் வந்தது. வெற்று அண்டாவை யாரோ சம்மட்டியால் ஒரு தட்டு தட்டியதுபோல இருந்தது.

கேன்களை இறக்கியதும் நேரே பட்டறைக்குப் போனார். பட்டறை அவர் மனைவியின் தம்பியுடையது. கிணற்று மோட்டார், டிராக்டர் கலப்பை, வீட்டு ஜன்னல் என்று இரும்பில் எது வந்தாலும் பார்ப்பான். வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

“வண்டில ஒண்ணும் இல்ல மாமா. வேணும்னா மெனக்கெட்டதுக்கு நானே எதையாவது கெடுத்து வெக்கறேன்.”

“அப்ப சத்தம் எங்கேர்ந்து வருது?”

“வண்டில இல்லன்னா பாலத்துலதான். வாங்க, பாத்துடுவோம்.”

மத்தியானம் இரண்டு பேரும் போனார்கள். மச்சினன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, கைப்பிடிக் கம்பிக்கு வெளியே இறங்கி, மூன்றாவது கண்ணின் அடிப்பக்கத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். நான்கு இரும்புச் சட்டங்கள் வந்து கூடுகிற இடத்தில் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்த கனத்த தகட்டில், ஒரு ஆணித் துளையிலிருந்து விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. துருநீர் வழிந்து, வெற்றிலைச் சாறு ஒழுகிய வாய்போல இருந்தது.

“பாரம் ஏறும்போது வாயத் திறக்குது, இறங்கும்போது மூடுது. அந்தச் சத்தம்தான்” என்றான் மேலே ஏறி வந்து. “இரும்பு கத்துதுன்னா இன்னும் புடிச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கத்தறத நிறுத்தினாத்தான் பயப்படணும். விரிசல் முனைல ஒரு ஓட்டை போட்டா மேல ஓடாது. அதுக்கு மேல ஒரு தகடு வெச்சுப் போல்ட் முடுக்கிட்டா தீந்துச்சு. அரை நாள் வேலை.”

“அப்ப பண்ணிடேன்.”

“பண்ணிடலாம். பாலம் யாருது?”

இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் பால்வண்டிக்காரர் அலுவலகப் படிகளை ஏறத் தொடங்கினார்.

சாலைத் துறையில் ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்: “அது இப்ப ரோடு இல்லங்க. போன வருஷமே சின்னம் ஆயிடுச்சு. மரபுச் சின்னங்கள் பாதுகாப்புத் துறைல போய்க் கேளுங்க.”

பாதுகாப்புத் துறை ஒரு பழைய கட்டடத்தில் இருந்தது. கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. வாளியின் மேல் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருந்தது. எழுத்தர் மனுவை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முதல் வரியிலேயே நின்றார்.

“பாலம்னு எழுதியிருக்கீங்களே.”

“பாலம்தானுங்களே.”

“இருந்துச்சு. இப்ப சின்னம். சரி, மூணாவது கண்ணு வழியா வண்டி போகும்போதுன்னு போட்டிருக்கீங்க. சின்னத்து மேல வண்டி போகக் கூடாது.”

“எல்லா வண்டியும் அதுலதானுங்க போகுது. விட்டா சுத்து வழி நாப்பது கிலோமீட்டர்.”

“போகலாம். ஆனா எங்க பதிவேட்டுல போகல. போகாத வண்டிக்குக் கேட்ட சத்தத்த நான் எப்படிப் பதியறது?” எழுத்தர் கெட்ட மனிதர் அல்ல. உதவி செய்யவே விரும்பினார். “வண்டின்ற வார்த்தைய எடுத்துடுங்க. பாலத்தச் சின்னம்னு மாத்துங்க. திங்கக்கிழமை வாங்க.”

திங்கட்கிழமை ‘விரிசல்’ என்ற சொல் தடுக்கியது. சின்னத்துக்குச் சேதம் என்று ஒன்று கிடையாது, ‘காலத்தின் தடம்’ என்றுதான் எழுத வேண்டும் என்றார். அடுத்த வாரம் ‘ஆபத்து’ போயிற்று. அந்தச் சொல்லைப் பெறும் அதிகாரம் அந்த மேசைக்கு இல்லை. அதற்கடுத்த வாரம் ‘சத்தம்’ என்பது ‘ஒலி’ ஆனது. ஐந்தாம் முறை மனு ஏற்கப்பட்டது. சின்னத்தின் மூன்றாம் கண்ணில் காலத்தின் தடம் பதிந்திருப்பதையும், அங்கே தினமும் காலையில் ஓர் ஒலி எழுவதையும் பால்வண்டிக்காரர் பணிவுடன் தெரிவித்துக்கொண்டிருந்தார். பதினைந்து நாளில் பதில் வந்தது. சின்னத்தின்பால் அவர் கொண்டுள்ள ஈடுபாட்டைத் துறை பாராட்டியிருந்தது.

மச்சினன் அந்தக் கடிதத்தைக் கிரீஸ் கையோடு வாங்கிப் படித்தான். “நீங்க போய் ஒப்பாரி வெச்சிருக்கீங்க. அவங்க தாலாட்டுன்னு எழுதிக்கிட்டாங்க” என்றான்.

அவர் விடவில்லை. சத்தம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டிருந்தது. வாரம் இரண்டு முறை போய் எழுத்தரின் எதிரே உட்கார்ந்தார். தொல்லை தாங்காமல் ஒரு குழு வந்தது. ஏழு பேர், ஏழு மஞ்சள் தலைக்கவசங்கள். துணை இயக்குநர் தலைமை வகித்தார். உயரமான, சிரித்த முகமுள்ள, தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிற மனிதர். குழுவின் பாதுகாப்பை முன்னிட்டு அன்று காலையிலிருந்தே பாலத்தின் மேல் யாரும் விடப்படவில்லை. குழுவும் ஏறவில்லை. ஏழு பேரும் கரையில் வரிசையாக நின்று கால் மணி நேரம் காது கொடுத்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை.

“சார், பாரம் ஏறினாத்தான் சத்தம் வரும். நான் வண்டிய ஒரு தடவ ஓட்டிக் காட்டட்டுமா?”

“ஆய்வு நடக்கும்போது பாரம் ஏத்தக் கூடாதுங்க. விதி. ஏதாவது ஆயிட்டா?”

“அந்த ஏதாவதத்தானே சார் பாக்க வந்தீங்க?”

துணை இயக்குநர் இதை ரசித்துச் சிரித்தார். பிறகு மச்சினன் முன்னால் வந்து, அரை நாளில் தகடு வைத்துத் தருவதாகச் சொன்னான். சிரிப்பு நின்றது.

“தம்பி, அந்தத் தடத்துல துளை போடறது குற்றம். மூணு வருஷம் ஜெயில்” என்றார். அதட்டவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு கரையில் கூடியிருந்தவர்களுக்காகக் குரலை உயர்த்திக்கொண்டார்: “உங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். நூத்திப்பத்து வருஷமா இந்தச் சின்னத்த யாருமே பாதுகாக்கல. கொல்லன் வந்தான், ஆணிய மாத்தினான், சாயம் அடிச்சான், போயிட்டான். அப்படியே கெட்டியா நின்னுச்சு. இப்பதான் நாம பாதுகாக்க ஆரம்பிச்சிருக்கோம். அதனால இனிமே ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.”

கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். ஊர்க்காரர்கள் சிலரும் தட்டினார்கள். மறுநாள் மூன்றாவது கண்ணுக்கு மேலே கைப்பிடிக் கம்பியில் ‘காலத்தின் தடம். தொடாதீர்கள்’ என்று ஒரு பலகை தொங்கியது. பாலத்தின் இரண்டு முனையிலும் விசிலோடு காவலர்கள் வந்தார்கள். பலகையின் கனத்தையும் இனி மூன்றாவது கண்தான் தாங்க வேண்டும் என்றான் மச்சினன்.

ஆய்வு அறிக்கை சத்தம் இல்லை என்றது. மனு சத்தம் இருக்கிறது என்றது. இரண்டும் ஒரே கோப்பில் இருக்க முடியாது என்பதால் துறை ஒரு வழி கண்டுபிடித்தது. பால்வண்டிக்காரரைத் தற்காலிக ஒலிக் கண்காணிப்பாளராக நியமித்தது. காது வடிவத்தில் ஒரு பித்தளை வில்லையும், தடித்த பதிவேடு ஒன்றும் கொடுத்தார்கள். தினமும் பாலத்தைக் கடக்கும்போது கேட்கும் ஒலியைப் பற்றி ஏதாவது ஒரு கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட வேண்டும். கட்டங்கள் மூன்று: மிகத் திருப்தி, திருப்தி, ஓரளவு திருப்தி.

“மோசம்னு ஒரு கட்டம் இல்லீங்களே” என்றார்.

“நாலாவது கட்டம் அச்சடிக்க மேல எழுதியிருக்கு” என்றார் எழுத்தர். “அதுவரைக்கும் இதுல ஒண்ணப் போடுங்க. குறி போடாத நாள் கண்காணிக்காத நாள். கண்காணிக்காத சின்னத்த மூடியாகணும்.”

மூடினால் அக்கரையில் நாற்பது வீட்டுப் பால் கெட்டுப்போகும். அவர் ‘ஓரளவு திருப்தி’யில் குறி போட்டார். ஒரு மாதம் கழித்து, ஓரளவு என்றால் எந்த அளவு என்று விளக்கம் கேட்டு ஓலை வந்ததால் ‘திருப்தி’க்கு மாறினார்.

ஊரில் அவருக்குக் ‘காது’ என்று பெயர் விழுந்தது. “நம்ம பாலத்துக்குக் கண்ணு அஞ்சு, காது ஒண்ணு” என்றார்கள். காவலர் சல்யூட் அடித்தார். டீக்கடை பெஞ்சில் இடம் விட்டார்கள். பொய் சொல்வானேன், அது அவருக்குப் பிடித்திருந்தது. மனைவி பால் கேன்களைக் கழுவி வெயிலில் கவிழ்க்கும்போது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பல் தொட்டு வில்லையைத் துலக்குவார்.

“காது பளபளன்னுதான் இருக்கு. சத்தம் எப்படி இருக்கு?” என்று கேட்பாள்.

“திருப்தி” என்பார். அவள் சிரிப்பாள். முதலில் அது வேடிக்கையாக இருந்தது.

ஏழு மாதம் கழித்து, மழைக்காலம் வந்து ஆற்றில் தண்ணீர் கூடியிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மூன்றாவது கண்ணில் சத்தம் வரவில்லை. அவர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து மறுபடி ஓட்டினார். ஒன்றும் இல்லை. கேன்களோடு கரையேறி, வண்டியை அப்படியே விட்டுவிட்டுப் பட்டறைக்கு ஓடினார்.

மச்சினன் கயிற்றில் இறங்கினான். இந்த முறை வெகுநேரம் மேலே வரவில்லை. வந்தபோது முகத்தில் கிண்டல் எதுவும் இல்லை.

“விட்டுடுச்சு மாமா. தகடு ரெண்டா நிக்குது. இடுக்குல என் கட்டைவிரல் போகுது. மொத்தப் பாரமும் இப்ப பக்கத்துச் சட்டத்துல தொங்குது.”

அலுவலகத்தில் எழுத்தர் முதல்முறையாக நாற்காலியிலிருந்து எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். செய்தி உள்ளே போய், துணை இயக்குநர் அறைக்கு வெளியே வந்துவிட்டார்.

“சத்தம் நின்னுடுச்சா? தானாவா?”

“நின்னதுதான் சார் ஆபத்து. தகடு உடைஞ்சு போச்சு. என் மச்சினன் பாத்துட்டு வந்தான்.”

“நாங்க கை வெக்கல, துளை போடல, ஒரு போல்ட் முடுக்கல. வெறும் கண்காணிப்பு. ஏழு மாசத்துல அடங்கியிருக்கு.” துணை இயக்குநரின் கண்கள் கலங்கியிருந்தன. “இத மத்த சின்னங்களுக்கும் கொண்டு போகணும்.”

பால்வண்டிக்காரர் பதிவேட்டை விரித்து, மூன்று கட்டங்களின் மேலும் குறுக்கே ‘ஆபத்து’ என்று எழுதினார். எழுத்தர் அந்தப் பக்கத்தை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார்.

“அடித்தல் திருத்தல் இருந்தா பதிவேடு செல்லாதுங்க. பதிவேடு செல்லலன்னா உங்க நியமனம் செல்லாது. அப்பறம் நீங்க வெளி ஆள். வெளி ஆள் புகார எங்களால பொறியாளருக்கு அனுப்ப முடியாது.” குரலைத் தாழ்த்தினார். “இந்தப் பக்கத்த எடுத்துடறேன். புதுப் பக்கத்துல திருப்தின்னு போட்டுடுங்க. கூடவே தனித் தாள்ல உங்க புகார எழுதிக் குடுங்க. வர்ற வியாழனுக்கு அடுத்த வியாழன் பொறியாளர் வருவார். அவர் வரணும்னா நீங்க கண்காணிப்பாளரா இருக்கணும். புரியுதா?”

புரிந்தது. அதுதான் கஷ்டம். அவர் திருப்தி என்று குறி போட்டுக் கையெழுத்திட்டார். தனித் தாளில் புகாரும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து விழா அறிவித்தார்கள். ‘ஒலி அடங்கு விழா’, ஞாயிறு காலை பதினோரு மணி, இக்கரையில் மேடை. துறையின் பாதுகாப்பில் உள்ள இன்னொரு சின்னமான பழைய நீராவி ரோடு ரோலரையும் அலங்கரித்துக் கரையில் நிறுத்தப்போகிறார்கள். அது ஓடி இருபது வருடமாகியிருந்தது. அதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் என்று பட்டறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மச்சினன் இரண்டு நாளில் அதை மூச்சு விட வைத்தான். கரையில்தானே நிற்கப்போகிறது என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

“இன்னொரு வியாழன் வரைக்கும் அது தாங்காது. நாளைக்கு நானே தகடு போட்டுடறேன்.”

“பிடிச்சா ஜெயில்ல போடுவாங்கடா” என்றாள் அக்கா. அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான்.

“விழாவுக்காக நாளைக்குக் காலைலேர்ந்தே வண்டி விட மாட்டாங்கக்கா. பாலத்துல பாரமே இருக்காது. காவல்காரங்க ரெண்டு பேரும் மேடைகிட்ட நிப்பாங்க. அக்கரைலேர்ந்து போய்க் கயித்துல ஒரு பலகை கட்டித் தொங்கினா யாருக்கும் தெரியாது. பத்து பத்தரைக்கு முடிச்சுடுவேன்.” பிறகு மாமாவைப் பார்த்தான். “நீங்க மேடைல போய் உக்காருங்க. காதக் காணோம்னு யாரும் தேடக் கூடாது.”

அவர் தானும் உதவிக்கு வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

விழாவுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகக் கூட்டம் வந்தது. மேடையில் மூன்றாவது வரிசையில் பால்வண்டிக்காரருக்கு நாற்காலி. அங்கிருந்து பார்த்தால் மூன்றாவது கண்ணின் அடியில், சட்டங்களின் நிழலுக்குள், ஒரு பலகையும் அதன் மேல் குனிந்த முதுகும் அவருக்கு மட்டும் தெரிந்தன. பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. முதுகு இன்னும் அங்கேயே இருந்தது. நூறு வருட இரும்பு, கைத்துளைக் கருவிக்கு லேசில் வழி விடுமா?

துணை இயக்குநர் பேசினார். “ஒரு பொருள் பயன்படற வரைக்கும் அது வெறும் சாமான். பயன்பாடு நின்ன பிறகுதான் அது மரபு. இந்தச் சின்னத்த அந்த நிலைக்கு உயர்த்தத்தான் எங்க துறை இரவு பகலா உழைச்சுக்கிட்டு இருக்கு” என்றார். கை தட்டினார்கள். கைதட்டல் அவரை மேலும் உற்சாகப்படுத்தியது. திரும்பி, கரையில் புகைவிட்டுக்கொண்டிருந்த ரோலரைப் பார்த்தார். “சத்தம் அடங்கிடுச்சுன்னு நான் சொன்னா நம்ப வேண்டாம். நீங்களே கேளுங்க. ஒரு சின்னம் இன்னொரு சின்னத்து மேல போகட்டும்.”

நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. ரோலர் ஓட்டுநர் தயங்கினார். இரண்டாம் முறை கை காட்டியதும் நெம்புகோலை இழுத்தார்.

பால்வண்டிக்காரர் உட்கார்ந்தே இருந்தார். எழுந்து, கீழே ஆள் இருக்கிறான் என்று சொன்னால் அவனுக்கு மூன்று வருடம். ரோலர் ஒருவேளை இரண்டாவது கண்ணிலேயே நின்றுவிடலாம். ஓட்டுநர் பயந்து திரும்பிவிடலாம். சத்தம் கேட்டு அந்த முதுகு மேலே ஏறிவிடலாம். இப்படி மூன்று நான்கு ‘லாம்’களை எண்ணும் நேரம் அவர் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்தார்.

“சார், நிறுத்துங்க. கீழ ஆள் இருக்கு.”

துணை இயக்குநர் ஒலிபெருக்கியைக் கையால் மறைத்துக்கொண்டு புன்னகைத்தார். “உங்க பேச்சு நன்றியுரைக்கு முன்னாடி இருக்குங்க. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுங்க.”

அவர் மேடையிலிருந்து குதித்து ஓடினார். ரோலர் நடக்கிற வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அது முதல் கண்ணைத் தாண்டும்போது அவர் பாலத்தின் வாசலுக்கு வந்துவிட்டார். காவலர்கள் இரண்டு பக்கமும் அவர் தோளைப் பிடித்தார்கள். தினமும் சல்யூட் அடிக்கும் காவலர் பணிவோடுதான் சொன்னார்.

“சின்னத்து மேல ஓடக் கூடாதுங்க. நடந்து போங்க. ஆனா இப்ப நடக்கவும் அனுமதி இல்ல.”

அவர் மச்சினனைக் கூப்பிட்டுக் கத்தினார். ரோலரின் மூச்சில் அது யாருக்கும் கேட்கவில்லை. பலகையின் மேல் இருந்த முதுகு நிமிர்ந்ததை மட்டும் பார்த்தார். மூன்றாவது கண் பெரிய ஆரவாரம் ஏதுமின்றி, நடுவில் மடிந்து, ஆற்றில் இறங்கியது.

கால் முறிந்த ரோலர் ஓட்டுநரை மீனவர்கள் தூக்கிவிட்டார்கள். மச்சினன் கிடைக்கவில்லை. அன்று மாலையே முக்குளிப்பவர் ஒருவர் பார்த்துச் சொன்னார்: ரோலருக்கும் பாலத்துச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிறான், ரோலரைத் தூக்கினால் எடுத்துவிடலாம். சர்க்கரை ஆலையிலிருந்து பாரந்தூக்கியும் வந்து நின்றது. ஆனால் மேலே கிடப்பது ஒரு சின்னம், கீழே கிடப்பது ஒரு சின்னம். ஒன்றை அசைத்தால் இன்னொன்றுக்குச் சேதம் வரும். எதை அசைக்கலாம் என்று முடிவு செய்ய ஒரு குழு கூடியது. எழுத்தர் அழுதுகொண்டே படிவங்களை எடுத்துக்கொடுத்தார். அவற்றில் ஒன்றில், நடுவில் உள்ள பொருளின் வயது என்று ஒரு கட்டம் இருந்தது. முப்பத்திநான்கு என்று நிரப்பினார்கள். நூறு வருடத்துக்குக் குறைவான பொருளுக்கு முன்னுரிமை இல்லை என்று கோப்பு ஒருமுறை திரும்பி வந்தது.

அவனை வெளியே எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பது நாளும் அக்கா கரையில் உட்கார்ந்திருந்தாள். ஆறாம் நாள் பால்வண்டிக்காரர் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“உன்கிட்ட ரெண்டு விஷயம் சொல்லணும்” என்றார். “சத்தம் நின்ன அன்னிக்கும் நான் திருப்தின்னுதான் கையெழுத்துப் போட்டேன். பொறியாளர் வருவார்னு சொன்னாங்க.”

அவள் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொண்ணு. ரோலர் கிளம்பினதும் நான் எழுந்திருக்கல. கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேன்.”

“எவ்வளவு நேரம்?”

“உடனே ஓடியிருந்தா முதல் கண்ணுலயே பிடிச்சிருக்கலாம்” என்றார்.

அவள் எழுந்து பத்தடி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

விசாரணைக் குழுவுக்குத் துணை இயக்குநரே தலைவர். சின்னத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. சாட்சி சொன்ன அதிகாரிகள் ஒவ்வொருவரும் தங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள். தெரியாது என்பதை ஒவ்வொருவரும் முந்தியவரைவிட அழுத்தமாகச் சொன்னார்கள். தனித் தாளில் கொடுத்த புகார் எந்தக் கோப்பிலும் இல்லை. ஆற்றில் எடுத்த துண்டில் புதிதாகப் போட்ட ஒரு துளை இருந்தது. சின்னம் ஏழு மாதமாகத் திருப்தியாக இருந்ததற்குப் பதிவேடு சாட்சி. ஆகவே அனுமதியில்லாமல் துளை போட்டவனே காரணம் என்ற முடிவுக்கு வர பால்வண்டிக்காரரின் உறுதிமொழி ஒன்றுதான் பாக்கி இருந்தது.

அவர் சாட்சி சொல்வதற்கு முந்தின நாள் எழுத்தர் அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே சொன்னார். “கையெழுத்து என்னுதுதான், எழுதினது உண்மைதான்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் பதவி நிரந்தரமாகும். பொய்யா எழுதினேன்னு சொன்னா, அரசாங்கப் பதிவேட்டுல பொய் எழுதின குற்றம். ரெண்டு வருஷம். செத்தவனுக்கு இனிமே ஒண்ணும் ஆகப்போறதில்லையே.”

உள்ளே மனைவி கேன் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி தண்ணீர் விழுந்தது.

மறுநாள் துணை இயக்குநர் பதிவேட்டை அவர் முன்னால் விரித்தார். “இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமாங்க.”

“திருப்தின்னு எழுதியிருக்கு. அப்ப சின்னம் நல்லாத்தானே இருந்துச்சு?”

“இல்லங்க. உடைஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன். அவன் துளை போட்டு உடையல. உடைஞ்சதத் தாங்கிப் பிடிக்கத்தான் துளை போட்டான்.”

குழு சற்று நேரம் கூடிப் பேசியது. தெரியும் என்று சொன்ன ஒரே ஆள் அவர் என்பதால் குற்றம் அவர் மேல் நிரூபணமாயிற்று. பொய் எழுதியதாக அவரே ஒப்புக்கொண்டதால், அவருடைய வேறு எந்தச் சொல்லையும் நம்பத் தேவையில்லை என்றும் முடிவாயிற்று. எனவே பாலத்தை உடைத்தது மச்சினன்தான் என்ற தீர்ப்பில் மாற்றமில்லை. வில்லையைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள்.

சிறைக்கு மாதம் ஒருமுறை பார்க்க வரலாம். முதல் மூன்று மாதம் அவரைப் பார்க்க யாரும் வரவில்லை. நான்காம் மாதம் பெயரைக் கூப்பிட்டார்கள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மனைவி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து காய்ந்திருந்தது. முகம் வெயிலில் கறுத்திருந்தது. காவலர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பால் வண்டிய நான்தான் ஓட்டறேன்” என்றாள். “சுத்து வழில.”

“யாரு சொல்லிக்குடுத்தா?”

“யாரும் இல்ல. மேட்டுல வண்டி நின்னு நின்னு போகுது. ரெண்டாவது கியர் விழ மாட்டேங்குது. கரகரன்னு கத்துது. என்ன பண்ணணும்?”

அவர் வலையை நெருங்கி உட்கார்ந்தார். “கிளட்ச ஒரு தடவ மிதிச்சா விழாது. மிதி, நடுவுக்குக் கொண்டு வா, காலை எடு. மறுபடி மிதிச்சுப் போடு.”

“ரெண்டு தடவயா?”

“ரெண்டு தடவ.”

அவள் செருப்பைக் கழற்றினாள். குனிந்து தன் இடது காலைப் பார்த்துக்கொண்டு, சிமென்டுத் தரையில் ஒரு முறை மிதித்தாள், எடுத்தாள், மறுபடி மிதித்தாள். சரியா என்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“எடுக்கறது இன்னும் கொஞ்சம் மெதுவா” என்றார்.

அவள் மறுபடி மிதித்தாள்.